கால்சியத்தை நீக்கினால் செல்கள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. தட்டை மட்டும் ஏன் விடுவதில்லை?

கேள்வி: புதுமாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காக, நாயின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட எம்டிசிகே என்னும் எபிதீலியச் செல்களை (உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் வகைச் செல்களை) வளர்த்து வருகிறேன். இவை பெருகித் தட்டை நிரப்பிய பின் நுண்ணோக்கியில் பார்த்தால், தரையில் கல் பாவியதுபோல் ஒன்றோடொன்று நெருங்கி, இடையில் மெல்லிய கோடு மட்டும் தெரியும்படி நிற்கும். சென்ற வாரம் ஒரு தட்டில், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இஜிடிஏ என்னும் சேர்மத்தை 2 மில்லிமோலார் அளவில் ஊடகத்தில் சேர்த்தேன். அரை மணி நேரத்துக்குள் கோடுகள் விரிந்தன. செல்கள் ஒவ்வொன்றும் தன் ஓரத்தைச் சுருக்கிக்கொண்டு, அண்டைச் செல்லிலிருந்து விலகித் தனியே நின்றன. ஆனால் தட்டை எவ்வளவு ஆட்டியும் அவற்றில் பெரும்பாலானவை அடிப்பரப்பை விட்டுக் கிளம்பவில்லை. பிறகு வழக்கமான ஊடகத்தை ஊற்றியபோது, சில மணி நேரத்தில் அதே செல்கள் மீண்டும் நெருங்கி, பழைய பரப்பாகிவிட்டன.

செங்கல்லும் சாந்தும் போல, செல்களும் அவற்றைச் சுற்றியுள்ள தளப்பொருளும் சேர்ந்து திசுவாகின்றன என்றே பள்ளியில் படித்தேன். அப்படியானால் சாந்து ஒன்றுதானே இருக்க வேண்டும்? பக்கவாட்டில் கரைந்துபோகும் சாந்து அடிப்பக்கத்தில் ஏன் கரையவில்லை? வழக்கமாகச் செல்களைப் பிரித்தெடுக்க, புரதங்களை வெட்டும் நொதியான டிரிப்சினையும், இஜிடிஏ போலவே அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏவையும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். இரண்டில் ஒன்று போதாதா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


பதில் 1: ஆய்வகவாசி

நீங்கள் செய்தது நல்ல சோதனை. கால்சியத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும் இந்த முறையைப் பல ஆய்வகங்கள் இதே செல்களைக் கொண்டு பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றன. உங்கள் கேள்விக்கு விடை காண, முதலில் சாந்து என்னும் உவமையை ஓரமாக வைத்துவிட வேண்டும். செல்லின் பக்கவாட்டில் இருப்பதும் அடியில் இருப்பதும் பூசப்பட்ட பொருள்கள் அல்ல. அவை செல் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்கள். வெளிமுனையால் எதையாவது பற்றிக்கொண்டு, உள்முனையால் செல்லின் உள்ளிருக்கும் இழைக்கட்டமைப்போடு கோத்துக்கொள்பவை. பக்கவாட்டில் இருப்பவை ஒரு குடும்பம், அடியில் இருப்பவை இன்னொரு குடும்பம். பற்றும் பொருளும் வேறு, தேவைப்படும் அயனியும் வேறு.

பக்கவாட்டுக் குடும்பத்தின் பெயர் கேட்ஹெரின். கால்சியத்தை நம்பி ஒட்டுவது என்னும் பொருள் அதன் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. எபிதீலியச் செல்களில் உள்ள இ-கேட்ஹெரினின் வெளிப்பகுதி, ஐந்து மணிகளைக் கோத்த சரம் போன்றது. அடுத்தடுத்த இரு மணிகளுக்கு இடையே மூன்று மூன்றாகக் கால்சியம் அயனிகள் அமர்ந்துகொள்கின்றன. அவை இருக்கும்வரை சரம் விறைத்துச் சற்றே வளைந்த கோலாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி மணி, எதிரே உள்ள செல்லிலிருந்து நீளும் கேட்ஹெரினின் நுனி மணியோடு கைமாற்றிக்கொள்கிறது. ஒன்றின் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் மற்றதன் குழிக்குள்ளும், அதனுடையது இதன் குழிக்குள்ளும் பொருந்துகின்றன. கால்சியத்தை எடுத்துவிட்டால் மணிகளுக்கு இடையிலான மூட்டுகள் தளர்ந்து, கோல் துவண்டுவிடுகிறது. தனித்தனியே பார்த்தால் ஒரு கேட்ஹெரின் இணையின் பிடி மிகவும் பலவீனமானது. துணியில் ஒட்டிய நாயுருவி விதையை ஒற்றை முள்ளா பிடித்துவைக்கிறது? அதுபோலவே, ஓரிடத்தில் பலவாகத் திரளும்போதுதான் இந்தப் பிடி பிடியாகிறது.

அடிப்பக்கத்துக் குடும்பம் இன்டக்ரின்கள். ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு சங்கிலிகள் இணைந்த அமைப்பு இது. மனிதரில் 18 ஆல்ஃபாக்களும் 8 பீட்டாக்களும் சேர்ந்து 24 வகை இன்டக்ரின்கள் அமைகின்றன. இவையும் நேர்மின் அயனியின்றிப் பற்றுவதில்லை என்றாலும், பற்றும் இடத்தில் இவற்றுக்கு முதன்மையாக வேண்டியது மக்னீசியம். இஜிடிஏ கால்சியத்தை நாடும் அளவுக்கு மக்னீசியத்தை நாடுவதில்லை. ஆகவே உங்கள் தட்டில் மக்னீசியம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. இன்டக்ரின்களும் பிடியை விடவில்லை. இஜிடிஏவுக்குப் பதிலாக இடிடிஏவைச் சேர்த்திருந்தால், அது இரண்டு அயனிகளையும் பிடித்துக்கொள்ளும்; செல்கள் மெதுவாக அடியிலிருந்தும் தளரத் தொடங்கியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செல்கள் பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. நீங்கள் ஊடகத்தில் கலக்கும் இரத்தச் சீரத்திலிருந்து ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் போன்ற புரதங்கள் தட்டின் மேல் படிகின்றன. போதாதற்குச் செல்களே தங்கள் பங்குக்குத் தளப்பொருளைச் சுரந்து அடியில் விரித்துக்கொள்கின்றன. ஃபைப்ரோனெக்டினில் ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் சிறு இடம் ஒன்றைத்தான் பல இன்டக்ரின்கள் தேடிப் பிடிக்கின்றன என்பதைப் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் 1984-இல் காட்டினார்கள். அவ்வளவு பெரிய புரதத்தில் மூன்றே எழுத்துகள்! இதைப் படித்த நாளில் எனக்கு நம்பச் சற்று நேரம் பிடித்தது.

டிரிப்சினும் இடிடிஏவும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்ற கேள்விக்கான விடை, கேட்ஹெரின் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலேயே இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் மசதோஷி டக்கெய்ச்சி 1970-களில் அமெரிக்காவில் சில காலம் பணியாற்றச் சென்றார். ஊரில் டிரிப்சின் கொண்டு பிரித்த செல்கள் மீண்டும் நன்றாகக் கூடிக்கொண்டிருந்தன. அங்கேயோ பிரித்த செல்கள் கூடவே மறுத்தன. காரணம் தேடியபோது, அந்த ஆய்வகத்தின் டிரிப்சின் கரைசலில் இடிடிஏ கலந்திருந்தது தெரியவந்தது. கால்சியம் இருக்கும்போது விறைத்த கோலை டிரிப்சினால் வெட்ட முடிவதில்லை. கால்சியம் போய்க் கோல் துவண்டால் வெட்டும் இடங்கள் வெளிப்பட்டுவிடுகின்றன. ஆகவே இடிடிஏ டிரிப்சினுக்கு வழி திறந்துவிடுகிறது, டிரிப்சின் வேலையை முடிக்கிறது. இடிடிஏ மட்டும் போதும் என்னும் செல்வகைகளும் உண்டு. ஆனால் எம்டிசிகே போல் இறுகப் பிடிக்கும் செல்களிடம் அது பொறுமையைச் சோதிக்கும்.

உங்களிடம் ஒரு கேள்வி: சோதனை செய்த அன்று தட்டு நிரம்பி எத்தனை நாளாகியிருந்தது? நிரம்பிய பின் பல நாட்கள் விட்டுவைத்த எம்டிசிகே செல்களில், டெஸ்மோசோம் என்னும் வேறொரு வகை இணைப்பு கால்சியம் இல்லாமலும் பிடி விடாத நிலைக்கு முதிர்ந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் விலகின என்றால், உங்கள் தட்டு இளம் தட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும்.


பதில் 2: தோல்நோய் மருத்துவர்

நான் ஆய்வகத்தில் இருப்பவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வியைப் படித்தவுடன், உங்கள் தட்டில் நடந்ததை அப்படியே நோயாளியின் தோலிலும் பார்த்திருக்கிறேனே என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்றொரு நோய் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறி, டெஸ்மோகிளீன் 3 என்னும் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகிறது. டெஸ்மோகிளீன் கேட்ஹெரின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே குறிப்பிடப்பட்ட டெஸ்மோசோமில் செல்லோடு செல்லைப் பிணைத்துவைப்பது. பிணைப்பு போனதும் மேல்தோலின் செல்கள் ஒன்றையொன்று விட்டு உருண்டு மிதக்கின்றன, இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. அத்தகைய கொப்புளத்தின் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மேலடுக்குகள் பிரிந்து கிடக்க, அடிவரிசைச் செல்கள் மட்டும், மேல்தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் அடித்தளச் சவ்வின் மேல் ஒன்றுக்கொன்று சற்றே விலகி, நட்டகுத்தலாக நிற்கும். நோய்க்குறியியலாளர்கள் இதைக் கல்லறைக் கற்களின் வரிசை என்பார்கள். அண்டைச் செல்லோடு இருந்த பிடி போயிற்று, தரையோடு இருந்த பிடி போகவில்லை. உங்கள் இஜிடிஏ செய்ததும் இதுவேதான்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. புல்லஸ் பெம்ஃபிகாய்டில் எதிர்ப்பொருள்கள் தாக்குவது ஹெமிடெஸ்மோசோமை. அதாவது அடிவரிசைச் செல்லை அடித்தளச் சவ்வோடு தைத்துவைக்கும் அமைப்பை. அங்கே செல்கள் ஒன்றையொன்று விடுவதில்லை. மேல்தோல் முழுவதும் ஒரே விரிப்பாக மேலெழுகிறது. இதனால் கொப்புளத்தின் கூரை தடித்திருக்கும். விம்மி இறுகியிருந்தாலும் எளிதில் உடையாது. பெம்ஃபிகஸ் கொப்புளமோ தொட்டாலே தளர்ந்து உடைந்துவிடும். அதனால் பல நேரங்களில் முழுக் கொப்புளத்தைக் காண்பதே அரிது, உரிந்த புண்ணைத்தான் பார்ப்போம். இணைப்பு எந்தத் தளத்தில் அறுந்தது என்பதை விரல் நுனியிலேயே ஓரளவு உணர்ந்துவிட முடிகிறது.

வாயில் ஏன் முதலில் புண் வருகிறது என்று நோயாளிகள் கேட்பதுண்டு. தோலில் டெஸ்மோகிளீன் 1, 3 ஆகிய இரண்டும் இருப்பதால், 3 முடங்கினாலும் 1 ஓரளவு தாங்கிக்கொள்கிறது. வாயின் உட்பரப்போ பெரும்பாலும் 3-ஐயே நம்பியிருக்கிறது. இன்னொரு பக்கம், ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் ஒரு நச்சு டெஸ்மோகிளீன் 1-ஐ மட்டும் தேர்ந்து வெட்டுகிறது. குழந்தைகளுக்கு மேல்தோலின் மேலடுக்கு மட்டும் வெந்ததுபோல் உரிவதும், அப்போது வாயின் உட்பக்கம் தப்பிவிடுவதும் அதனால்தான்.

பிறவியிலேயே இந்த இணைப்புகள் பழுதுபட்டு வருவதை எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்கிறோம். செல்லின் உள் இழைகளான கெரட்டின் 5 அல்லது 14 பழுதானால் அடிவரிசைச் செல்லே உள்ளுக்குள் கிழிகிறது. அந்தச் சவ்வின் புரதமான லாமினின் 332 பழுதானால் அடித்தளச் சவ்வுக்குள் பிரிகிறது. ஏழாம் வகைக் கொலாஜன் பழுதானால் சவ்வுக்கும் கீழே பிரிந்து, ஆறும்போது தழும்பாகிறது. சங்கிலியில் எந்தக் கண்ணி போனாலும் மேலே தெரிவது கொப்புளமே. ஆனால் எதிர்காலம் கண்ணிக்குக் கண்ணி வேறுபடும்.


பதில் 3: வாசகன்

அருமையான விளக்கங்கள். ஆனாலும் சாந்து என்னும் உவமையை முற்றிலும் தள்ளிவிட வேண்டுமா என்பது என் ஐயம். கொலாஜன் என்னும் சொல்லே பசை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதானே? உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் அதுவே. அப்படியிருக்க, செல்களை ஒட்டவைப்பது கொலாஜன் என்று சொல்வதில் என்ன தவறு?


பதில் 4: திசுவியல் ஆசிரியை

வாசகன் அவர்களுக்கு: பெயர்க் காரணம் சரியே, ஆனால் அந்தப் பெயர், தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்துப் பசை காய்ச்சியவர்கள் வைத்த பெயர். கொதிக்கும்போது கொலாஜனின் முப்புரி அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது, அதுதான் ஒட்டுகிறது. உடலுக்குள் இருக்கும் கொலாஜன் ஒட்டுவதில்லை. இழுவிசையைத் தாங்கும் கயிறாக நிற்கிறது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய அந்தக் கயிற்றில், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வந்தாக வேண்டும், ஏனென்றால் நடுவில் வேறெந்த அமினோ அமிலத்துக்கும் இடமில்லை. முறுக்கு அவிழாமல் நிலைக்க, புரோலினின் மேல் ஹைட்ராக்சில் தொகுதி ஏற்றப்பட வேண்டும். அதை ஏற்றும் நொதி ஓயாமல் இயங்க வைட்டமின் சி வேண்டும். ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதும், ஆறிப்போன பழைய தழும்புகள்கூடத் திறந்துகொள்வதும், கயிறு திரிப்பது நின்றுபோனதன் விளைவே. தளப்பொருள் ஒருமுறை ஊற்றி உறைந்த சாந்தாக இருந்திருந்தால், பழைய தழும்பு எதற்காகத் திறக்க வேண்டும்? அது எப்போதும் கரைக்கப்பட்டும் புதிதாக நெய்யப்பட்டும் வருகிறது, நெய்பவையும் செல்களே.

தளப்பொருள் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையது என்று எண்ணுவதும் தவறு. எபிதீலியத்தின் அடியில் அது லாமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் பின்னிய மெல்லிய விரிப்பு. தசைநாணில் ஒரே திசையில் அடுக்கிய கயிற்றுக் கட்டு. குருத்தெலும்பிலோ, அக்ரிகேன் என்னும் மிகப் பெரிய மூலக்கூறுகள் தம் எதிர்மின் சுமையால் நீரை இழுத்து வைத்துக்கொள்ள, கொலாஜன் வலை அந்த வீக்கத்தை அடக்கிப் பிடிக்கிறது. முழங்காலில் எடை ஏறும்போது நம்மைத் தாங்குவது இந்த இழுபறிதான். அங்கே செல்கள் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை. ஒவ்வொன்றும் தன் குழிக்குள் தனியாக இருக்கிறது. ஆகவே திசுவைத் திசுவாக்குவது செல்லிடை இணைப்பா, தளப்பொருளா என்ற கேள்விக்கான விடை திசுவுக்குத் திசு மாறும். எபிதீலியத்தில் இழுவிசையைச் செல்களே கைகோத்துச் சுமக்கின்றன. இணைப்புத் திசுவில் தளப்பொருள் சுமக்கிறது.

இன்னொன்றும் சேர்க்க விரும்புகிறேன். இணைப்பு என்றாலே பிடித்துவைப்பது என்று இதுவரை பேசப்பட்டது. இறுக்கமான இணைப்புகளின் வேலை பிடிப்பதைவிட அடைப்பது: க்ளாடின் புரதங்கள் வரிவரியாக நின்று, செல்களுக்கு இடையே எந்த அயனி கசியலாம், எது கூடாது என்று தீர்மானிக்கின்றன. க்ளாடின் 16 பழுதானவர்களுக்குச் சிறுநீரகம் மக்னீசியத்தைத் திரும்பப் பெற முடியாமல் இழந்துகொண்டே இருக்கும். இடைவெளி இணைப்புகளின் வேலை பேசுவது: ஆறு கனெக்சின்கள் கூடிய குழாய் எதிர்ச் செல்லின் குழாயோடு பொருந்தி, ஏறத்தாழ 1000 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) வரையிலான சிறு மூலக்கூறுகளையும் அயனிகளையும் நேராகக் கடத்துகிறது. இதயத் தசை ஒரே நேரத்தில் சுருங்குவது இந்தக் குழாய்களின் வழியே. மாணவி கவனிக்க வேண்டியது: க்ளாடினின் பிடிக்கு நேரடியாகக் கால்சியம் தேவையில்லை, ஆனாலும் உங்கள் தட்டில் செல் பரப்பின் குறுக்கே மின்தடையை அளந்திருந்தால், அது சரிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கேட்ஹெரின் விட்டுவிட்டால் அடைப்பும் நிலைப்பதில்லை.


தொடர் கேள்வி: புதுமாணவி

மிக்க நன்றி. தட்டு நிரம்பி இரண்டாம் நாள்தான் சோதனை செய்தேன். அந்தக் கணிப்பு சரியே. மற்றொரு தட்டில் டிரிப்சின் இட்டு எடுத்த செல்களை, ஒட்டாத பரப்புடைய தட்டில் மிதக்க விட்டிருந்தேன். ஊடகமும் சத்தும் குறையவில்லை, ஆனாலும் பெரும்பாலானவை இறந்துவிட்டன. பிடிமானம் இல்லாததற்கே ஒரு செல் சாகுமா? அப்படியானால் இரத்தச் செல்கள் எப்படி மிதந்துகொண்டே உயிர்வாழ்கின்றன?


பதில் 5: ஆய்வகவாசி

சாகும், அதுவும் முறையாகத் தன்னைத்தானே முடித்துக்கொண்டு சாகும். 1994-இல் ஃபிரிஷ், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் இதை விளக்கியபோது பயன்படுத்தியவையும் நீங்கள் வைத்திருக்கும் இதே எம்டிசிகே செல்கள்தாம். இந்தச் சாவுக்கு அனாய்கிஸ் என்று பெயர். வீடிழந்த நிலை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது. இன்டக்ரின் தளப்பொருளைப் பற்றியிருக்கும்வரை, அதன் உள்முனையில் கூடியிருக்கும் புரதங்கள் வழியாக, இடத்தில்தான் இருக்கிறேன் என்னும் செய்தி தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். செய்தி நின்றால் இறப்புக்கான நிரல் தொடங்கிவிடும். குடலின் உட்பரப்பிலிருந்து உதிர்ந்த செல் வேறெங்காவது போய்க் குடியேறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காவல். புற்றுநோய்ச் செல்கள் பரவுவதற்குமுன் இந்தக் காவலை எப்படியாவது ஏமாற்றியாக வேண்டும்.

இரத்தச் செல்கள் மிதந்து வாழவே உருவானவை. உயிரோடிருக்க அவற்றுக்கு அந்தச் செய்தி வேண்டியதில்லை. ஆனால் வெள்ளணுக்களிலும் தட்டணுக்களிலும் இன்டக்ரின்கள் இருக்கத்தான் செய்கின்றன, மடங்கிக் குனிந்த நிலையில். காயம்பட்ட செய்தி வந்தால், செல்லின் உள்ளிருந்து டாலின் என்னும் புரதம் இன்டக்ரினின் வாலைப் பிடிக்க, வெளியே அது நிமிர்ந்து நீண்டு பற்றத் தயாராகிறது. தட்டணுவின் இன்டக்ரின் பிறவியிலேயே பழுதானால், கிளான்ஸ்மன் நோய் என்னும் இரத்தக்கசிவு நோய் வரும். வெள்ளணுக்களின் பீட்டா 2 சங்கிலி பழுதானால், இரத்தத்தில் வெள்ளணுக்கள் குவிந்திருந்தும் அவற்றால் குழாய்ச் சுவரைப் பற்றி வெளியேறித் தொற்றிடத்துக்குப் போக முடியாது.

டாலினைப் பற்றி இன்னும் ஒன்று. அது வெறும் கொக்கி அல்ல. இழுத்தால் விரியும் சுருள்களை உடையது. சில பிக்கோநியூட்டன் விசையில் ஒரு சுருள் அவிழ்ந்ததும், அதுவரை மறைந்திருந்த இடங்களில் வின்குலின் என்னும் புரதம் வந்து ஒட்டி, செல்லின் உள்ளே இழுக்கும் கயிறான ஆக்டின் இழையோடு கூடுதல் கட்டுகளைப் போடுகிறது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு என்று கொள்ளலாம். பக்கவாட்டில் கேட்ஹெரினுக்கு அடியில் இருக்கும் ஆல்ஃபா கேட்டனின் என்னும் புரதமும் இதேபோல் இழுத்தால் விரிந்து அதே வின்குலினை அழைக்கிறது. வெளியே இரு குடும்பங்கள். உள்ளே இருவருக்கும் வேலையாள் ஒருவரே. நீங்கள் இஜிடிஏ சேர்த்தபோது செல்கள் சும்மா விலகாமல் ஓரத்தைச் சுருக்கிக்கொண்டதற்கும் காரணம், இரு பக்கமும் கட்டியிருந்த ஆக்டின் கயிறு, ஒரு பக்கம் அறுந்ததும் மறுபக்கம் இழுத்துக்கொண்டதுதான்.

நடைமுறைக்கு ஒரு சொல். டிரிப்சின் இடும்முன் கால்சியமும் மக்னீசியமும் இல்லாத உப்புக்கரைசலால் இருமுறை கழுவுங்கள். சீரம் சிறிது தங்கினாலும், அதிலுள்ள கால்சியம் இடிடிஏவையும், தடுப்பான்கள் டிரிப்சினையும் முடக்கிவிடும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தாமல் நுண்ணோக்கியைப் பார்த்து நிறுத்துங்கள்: செல்கள் உருண்டு, தட்டை இலேசாகத் தட்டியதும் வழுக்கினால் போதும், உடனே சீரம் கலந்த ஊடகத்தை ஊற்றுங்கள். அதிக நேரம் விட்டால் டிரிப்சின் இன்டக்ரின்களையும் கொறித்துவிடும். அப்படி எடுத்த செல்கள், புதிய புரதங்களைச் செய்து சவ்வுக்கு அனுப்பும்வரை, அடுத்த தட்டில் மணிக்கணக்கில் உருண்டபடியே கிடக்கும்.